ரேடியோவில் வராத பாதி

வைத்தியர் சொன்னதற்காகத் தினமும் காலையில் நடக்கிறேன். பூங்காவில் என்னோடு நடப்பவர்களில் ஏழு பேர் சட்டைப் பையில் போனைப் பாட விட்டபடி வருகிறார்கள். ஏழும் ஏழு பாட்டு. ஓரமாக ஒதுங்கினாலும் ஒன்று விட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. போன வாரம் பொறுக்க முடியாமல் ஒருவரிடம் சொல்லியே விட்டேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். காதில் விழுந்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோகும் என்று கேட்டார். திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பாட்டு காதில் விழாமல் இருப்பதற்காக ஒரு பெண் மலையை விட்டே இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் சொன்னால் நம்ப மாட்டார். ரேடியோ சூடாகும் வரை அதன் முன்னால் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். உங்களிடம் சொல்லலாம்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் பெயர் போடுவது, பழம் அளப்பது, மானேஜர் பங்களாவுக்கும் தொழிலாளர் லைன் வீடுகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் வாங்கிக்கொள்வது அவர் வேலை. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு ஒன்பது வயது. எதைக் கண்டாலும் எண்ணுவேன். களத்தில் காப்பியைக் கிளறும் மரப்பலகைகள், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அம்மாவின் பெருமூச்சுகள் எல்லாம் எனக்குக் கணக்கு. அந்த வருஷம் நான் எண்ணியது ரேடியோக்களை. கூரையில் ஏரியல் வலை கட்டியிருந்தால் கண்ணால் எண்ணுவேன். தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் என்றால் காதால். மலையில் மொத்தம் நாற்பத்து மூன்று இருந்தன. தபாலாபீசில் லைசென்ஸ் கட்டியவர்கள் அதில் பாதிகூட இல்லை என்று அப்பா சொல்வார்.

மார்கழியில் பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது வானொலி நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் இடையில் ஒரு மாலை, மலையில் வாழும் எல்லாச் சமயத்தாரின் பாட்டையும் கதையையும் சேர்த்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி ஒலிபரப்பப் போகிறார்களாம். ஆட்களைத் திரட்டும் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. அதோடு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு வரி அறிமுகம் பேசும் வாய்ப்பும். அப்பா அதற்காகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். சமவெளியில் இருந்த சித்தப்பாக்கள் நான்கு பேருக்கும் கார்டு போட்டார்.

பதிவு எங்கள் எஸ்டேட் காப்பிக் கிடங்கில் நடந்தது. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டார்கள். ஈரச் சாக்கும் புளித்த காப்பித் தோலும் கலந்த அந்த வாடை இப்போதும் எனக்கு ரேடியோவின் வாடை. சூட்கேஸ் அளவுக்கு இருந்த மெஷினில் இரண்டு சக்கரங்கள் சுற்றின. முதலில் சர்ச் வாலிபர்கள் கிறிஸ்து பிறந்த பாட்டைப் பாடினார்கள். அவர்களில் ஒருவன் கிதார் வாசித்தான். அவனைப் போல விரல் அசைக்க நான் ஒரு வாரம் முயன்றேன். கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மச்சான், தஃப் என்ற கைப்பறையைத் தட்டி நபிகள் பிறந்த பாட்டைப் பாடினார். பங்களா சமையல்காரர் ஒரு கதை சொன்னார். கடைசியாகத் தலைச்சோலை என்ற மலையூரின் பாட்டுக்காரர் வந்தார்.

அவர் மலைக்காரர். கொஞ்சம் சாமையும் கொஞ்சம் காப்பியும் சொந்தமாக வைத்திருந்தவர். பறிப்புக் காலத்தில் எங்கள் எஸ்டேட்டுக்கும் ஆளாக வருவார். அவர்கள் ஊர்ச் சாமியை அழைக்கும் பாட்டு அவர் குடும்பத்துக்கு உரியது. அந்தப் பாட்டு இரண்டு பாதி. முதல் பாதி சாமியை வரவழைக்கும். வரவேண்டியவர் மேல் சாமி வந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னபின் இரண்டாம் பாதியைப் பாட வேண்டும். அது சாமியை மலையேற்றும் பாட்டு. வந்த வழியே ஒவ்வோர் இடமாகப் பெயர் சொல்லி, வீடு வரை கொண்டு விடும். முதல் பாதியைப் பாடிவிட்டு இரண்டாவதைப் பாடாமல் விட்டால் சாமி போகாது. வந்தவர் உடம்பிலேயே நின்றுவிடும். அந்தக் குடும்பத்து ஆண்கள் மட்டுமே மலையேற்றும் பாட்டைக் கற்றவர்கள். பெண்கள் கற்கக் கூடாது. ஊரில் சாமி வருவது பாட்டுக்காரரின் மகள் மேல்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தன்னினைவு இருக்காதாகையால், பாட்டு நடக்கும்போது அவள் அங்கே இருப்பதாகவே அவர்கள் கணக்கில் கிடையாது.

பதிவன்று அவள் கிடங்குப் பக்கமே வரவில்லை. வயிற்றில் குழந்தை. கர்ப்பமாக இருப்பவள் மேல் சாமி வரக்கூடாது. அதனால் உடுக்கைச் சத்தம் எட்டாத தூரத்துக்கு, கொட்டச்சேட்டில் அத்தை வீட்டுக்கு, முதல் நாளே அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் முன்பு, உண்டாகியிருப்பது அவளுக்கே தெரியாத நாளில் திருவிழா வந்தது. சாமி வந்து ஆடியதில் பாறை மேல் விழுந்து, அந்தக் குழந்தை தங்கவில்லை.

பாட்டுக்காரர் முதல் பாதியைப் பாடி முடித்து இரண்டாவதைத் தொடங்கியதுமே அதிகாரி கையைத் தூக்கிவிட்டார். நேரம் ஆகிவிட்டது. சக்கரங்கள் நின்றன. பாட்டுக்காரர் நிற்கவில்லை. அதிகாரி ஒயரைச் சுருட்டுகிறார், உதவியாளர் மெஷினை மூடுகிறார், அவர் கண்ணை மூடியபடி பாடிக்கொண்டே இருக்கிறார். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலைதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று இரண்டு தரம் கேட்டார். கடைசி வரியையும் பாடி, உடுக்கையைத் துணியில் சுற்றிய பிறகே பாட்டுக்காரர் பதில் சொன்னார்.

"உங்க வேல அப்பவே முடிஞ்சுதுங்க. எங்க வேல இப்பத்தான் முடிஞ்சுது."

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் யாருக்கும் தோன்றாதது ஒன்று இருந்தது. மெஷினுக்குள் போனது முதல் பாதி மட்டும்.

புது வருஷம் பிறந்து சில நாட்கள் கழித்து அம்மா என்னைப் பாய் கடைக்கு வெல்லம் வாங்க அனுப்பினாள். பாய் கடை ரேடியோ வால்வு செட். போட்டால் சூடாகச் சிறிது நேரம் எடுக்கும். பிறகு முகப்பில் ஒரு பச்சைக் கண் மெல்லத் திறக்கும். அந்தக் கண்ணைப் பார்ப்பதற்காகவே நான் வெல்லத்தை மெதுவாக வாங்குவேன். பாட்டுக்காரர் மகள் எனக்கு முன்னால் நின்று பொட்டுக்கடலை வாங்கிக்கொண்டிருந்தாள். பச்சைக் கண் திறந்தது. அறிவிப்பாளர் பெண், வரும் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு மலைநாட்டுச் சிறப்பு நிகழ்ச்சி என்றாள். தொடர்ந்து கிதார் கொஞ்சம், தஃப் கொஞ்சம், பிறகு உடுக்கை.

அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. கடலை சிதறியது. மோவாய் மேலே போயிற்று, கண் செருகியது, தொண்டையிலிருந்து கல்லில் கல்லைத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாய் கல்லாவைத் தாண்டி எம்பி, சாமி முழுதாக இறங்குமுன் ரேடியோவை அணைத்தார். பச்சைக் கண் மூடுவதற்குள் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாய் எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார வைத்து, எத்தனை மாதம் என்று கேட்டார். ஏழு முடிந்து எட்டு என்றாள். சிதறிய கடலையை நானும் அவரும் பொறுக்கினோம்.

அன்று மாலையே பாட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் நின்றபடி, அந்தப் பாட்டை மட்டும் எடுத்துவிடும்படி நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். எல்லாம் சேர்த்து முடித்தாகிவிட்டது, ஒருவருக்காக மாற்ற மாட்டார்கள் என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பொட்டிக்குள்ள இருந்தெல்லாம் சாமி வருமாய்யா?" என்று சிரித்தார்.

பாட்டுக்காரர் சிரிக்கவில்லை. "பொட்டிக்குள்ள இருந்து என் கொரல் வருதில்லீங்க, ரைட்டரய்யா? சாமிக்கு அதுதானுங்க அடையாளம்."

அப்பா சட்டை மாற்ற உள்ளே போனார். அப்பா படித்தவர், கெட்டவர் இல்லை. ஆனால் நான்கு தம்பிகளுக்குக் கார்டு போட்டாகிவிட்டது. பங்களாவில் மானேஜர் விருந்தாளிகளைக் கூப்பிட்டு வைத்திருந்தார். நிலையத்துக்கு ஒரு டிரங்க் கால் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அவர் போடவில்லை என்பது மட்டும் தெரியும்.

அம்மா பின்கட்டு வழியாகப் போய்ப் பாட்டுக்காரரை நிறுத்தினாள். சத்தம் கேட்காத இடமாக எதையாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேட்டாள். அதைத்தான் தேடுகிறேன் என்றார் அவர். இத்தனை காலம் பிரச்சினை இருந்ததில்லை. ஒரு முகடு தாண்டினால் உடுக்கை கேட்காது. இப்போது எந்த முகட்டைத் தாண்டினாலும் அந்தப் பக்கம் ஒரு ரேடியோ. அவர் ஒவ்வோர் இடமாகச் சொல்ல, அங்கே எத்தனை என்று நான் சொன்னேன். கொட்டச்சேடு, இரண்டு. ஏரிப் பக்கம், ஆறு. சர்ச் தெரு, ஏழு. அவர் முகம் ஒவ்வொன்றுக்கும் சுருங்கியது. காட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கலாம் என்றார். அவரே, மார்கழிப் பனியில், காட்டெருமை நடமாடும் இருட்டில், வாயும் வயிறுமாக இருப்பவளை எப்படி என்றார். தலைச்சோலை டீக்கடையில் ஒரு ரேடியோ உண்டு. அந்நேரம் அவர் அதன் முன்னால் நின்றாக வேண்டும். பாட்டு பாதியில் அறுந்ததும் மீதியைப் பாடாவிட்டால் ஊரில் இன்னும் யார் மேல் என்ன நிற்குமோ. ஆக, மகளோடு அவர் இருக்க முடியாது. அவள் கணவன் லாரியோடு மங்களூர்ப் பக்கம் போயிருந்தான்.

வழி சொன்னவர் பாய். அம்மா மறுநாள் அவரிடமே போய்க் கேட்டாள்.

"ஓடற பஸ்ஸுல ஏதுங்கம்மா ரேடியோ? சாயங்காலம் கீழ எறங்கற பஸ்ஸுல ஏத்திருங்க. அடிவாரம் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்." பிறகு தன் செட்டைக் காட்டினார். "அன்னைக்கு இது வாயத் தொறக்காது. மச்சான் பாட்ட மச்சானே நம்ம ஊட்டுக்கு வந்து பாடட்டும்."

சேலத்தில் பெரியம்மாவைப் பார்க்கப் போவதாக அம்மா அப்பாவிடம் சொன்னாள். ரேடியோவில் தான் பேசுவதைக் கேட்காமல் அன்றைக்கே போக வேண்டுமா என்று அப்பாவுக்குக் கோபம். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆறு மணி பஸ். பனி இறங்கி விளக்குக் கம்பங்கள் தெரியவில்லை. பஸ்ஸில் இருபத்தாறு பேர். பைகளையெல்லாம் குனிந்து பார்த்தேன். எதிலும் ரேடியோ இல்லை. அம்மா என்னிடம் வாயைத் திறந்து கேட்காமலே புருவத்தை உயர்த்தினாள். நான் தலையாட்டினேன். பாட்டுக்காரர் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மலைப்பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றாக இறங்கினோம். வளைவுக்கு வளைவு அவள் தோள் தளர்ந்துவருவதைப் பார்த்தேன்.

நாலைந்து வளைவு இறங்கியதும் ஓர் எஸ்டேட் கேட்டில் பஸ் நின்றது. கிதார் வாசித்த இளைஞன் ஓடிவந்து ஏறினான். தோளில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஏறும்போதே அது கரகரத்துக்கொண்டிருந்தது. தஃப் பாட்டும் சமையல்காரர் கதையும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

அம்மா எழுந்து போய், ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, அணைத்துவிடப்பா என்றாள்.

"என்னோட பாட்டு வருதுங்கம்மா. எங்கம்மாவுக்குப் போய்க் காட்டலாம்னு பாத்தேன், பஸ் லேட்டு. அது முடிஞ்சதும் அமத்திடறேன்."

அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. சத்தத்தைக் குறைக்கக்கூடச் செய்தான். ஆனால் கண்டக்டர் சத்தமாக வைக்கச் சொன்னார். பஸ்ஸே திரும்பி உட்கார்ந்தது. அம்மா திரும்பிவந்து, முந்தானையை மடித்து அவள் காதில் வைத்து அழுத்தினாள். இடையில் இறக்கிவிடலாமா என்று வெளியே பார்த்தாள். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை, எங்கும் இருட்டு. அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு வளைவுகளில் தேய்ந்தும் நிமிர்ந்தும் வந்தது. முடிந்ததும் இளைஞன் சொன்னபடியே திருகில் கை வைத்தான்.

அப்போது அப்பாவின் குரல் வந்தது. "நம்ம ரைட்டருப்பா" என்று யாரோ சொன்னார்கள். அவன் கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். அணைத்துவிடு என்று அம்மா சொல்லவில்லை. அதிர்ச்சியா, பழக்கமா, எனக்குத் தெரியாது. கணவர் பேசும்போது குறுக்கே பேசாதவள் அவள்.

அப்பா வீட்டில் பேசாத தமிழில் பேசினார். இம்மலை மக்கள் வெள்ளை உள்ளம் கொண்டவர்கள் என்றார். சாமி வந்தவர் தன்னை மறந்து ஆடுவார், என்ன நடந்தது என்பது பின்னர் அவருக்கே தெரியாது என்றார். இதோ அவர்களுடைய அழைப்புப் பாட்டு என்றார்.

உடுக்கை. பிறகு பாட்டுக்காரரின் குரல்.

அவள் பிடித்திருந்த கம்பி அதிர்ந்தது. பாதங்கள் பஸ்ஸின் தகரத் தரையைத் தட்ட ஆரம்பித்தன. அம்மா அவளைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டு அணைத்துவிடு, அணைத்துவிடு என்று கத்தினாள். இளைஞன் பயந்து திருகை எந்தப் பக்கமோ திருப்ப, சத்தம் கூடியது. தட்டல் வேகமாயிற்று. மோவாய் மேலே போனது. அந்தத் தேய்க்கும் சத்தம் தொண்டையில் தொடங்கியது. டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். சரியாக அந்த இடத்தில் பாட்டு வெட்டுப்பட்டது. வீணை இசை, அறிவிப்பாளர் பெண்ணின் நன்றி. இளைஞன் ஒருவழியாக அணைத்தான்.

அவள் உடம்பு வில்லாக வளைந்து நின்றது. பாதி மலையில், பாதிப் பாட்டில், மீதியைப் பாட அந்தக் குடும்பத்து ஆண் யாரும் இல்லை.

அப்போது அவள் பாடினாள்.

முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு சொல். "வந்த வழி தெரியுதய்யா, வாசல் தெறந்திருக்குதய்யா." கிடங்கில் மெஷின் நின்றபின் அவள் அப்பன் பாடிய அதே பாட்டு. புல்லுக்காடு, ஊற்று, ஒற்றை மரம், வழுக்குப்பாறை என்று ஓர் இடம் விடாமல், முன்பின் மாறாமல் பாடினாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. பதினோரு இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசி இடத்தைச் சொல்லி முடித்ததும் தலையை அம்மாவின் மடியில் சாய்த்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. வயிற்றுக்குள் குழந்தை உதைப்பதை அம்மா கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை, வண்டியை எடுங்கள் என்றாள் டிரைவரிடம்.

அடிவாரம் வந்தது. டீக்கடை விளக்குகள் தெரிந்தபோது அவள் அம்மாவின் காதருகே சொன்னாள்:

"அப்பங்கிட்டச் சொல்லிராதீங்கம்மா. எனக்கு ஒண்ணும் கேக்காதுன்னுதானுங்க அவரு என் முன்னால பாடறாரு."

"எல்லாமே கேக்குமா, கண்ணு?"

"எல்லாமே கேக்குமுங்க."

அம்மா யாரிடமும் சொல்லவில்லை. நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று அப்பா கேட்டபோதும், பஸ்ஸில் சரியாகக் கேட்கவில்லை என்றாள். மாசியில் குழந்தை பிறந்தது. பெண்.

வைகாசித் திருவிழாவுக்கு அம்மா என்னைத் தலைச்சோலைக்குக் கூட்டிப்போனாள். பாட்டுக்காரர் மகள் மூன்று மாதக் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றாள். அழைப்புப் பாட்டு. சாமி வந்தது. ஊருக்கு மழை சொன்னது, காப்பிக்குப் பூ சொன்னது. பிறகு பாட்டுக்காரர் மலையேற்றத் தொடங்கினார். புல்லுக்காடு, ஊற்று, ஒற்றை மரம். ஏழாவது இடத்துக்கு வந்தபோது அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் நின்றது; அடுத்த பெயர் வரவில்லை. உடுக்கையை வெறுமனே தட்டிக்கொண்டே நின்றார். மறுபடி ஏழாவது இடத்தைச் சொன்னார். மறுபடி நின்றார். கூட்டம் அசையவில்லை. சாமி பாதி வழியில் நிற்கிறது. அவர் கண் இங்கும் அங்கும் ஓடியது; கழுத்து நரம்பு புடைத்தது.

எட்டாவது எனக்குத் தெரியும்; பஸ்ஸில் எண்ணியிருந்தேன். வாயைத் திறந்துவிட்டேன். அம்மா குழந்தையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு மறு கையால் என் வாயைப் பொத்தினாள்.

பாட்டுக்காரர் மகள் கண்ணை மூடி, உதட்டை இறுக்கி மூடி, மெல்ல ஆடியபடி நின்றாள். யாரோ பாட்டுக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தார். நெற்றியைத் துடைத்தார். பிறகு பெயர் வந்துவிட்டது. எட்டு, ஒன்பது, பத்து.

அவர் பதினோராவதைச் சொல்லி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகுதான் விழுந்தாள்.